மாடல் ரயில் பாயிண்ட்டில் தடம் புரண்டால்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம், எங்கள் வீட்டு கராஜில் சனிக்கிழமை மாலைகளில் ரயில் ஓடும், புரட்டாசிச் சனிக்கிழமைகள் நீங்கலாக. புதிதாக வருகிறவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். நேர்ப்பாதையில் அழகாக ஓடுகிற வண்டி, பாயிண்ட், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடம், வந்ததும் இறங்கிவிடுகிறது. போன மாதம் தங்கை மகன் பாயிண்ட்டையே கழற்றி எடுத்து வந்துவிட்டான்.

"மாமா, இது கெட்டுப்போச்சு. வேற வாங்கணும்."

"எந்தச் சக்கரம் ஏறிச்சு? எந்த இடத்துல?"

"அதெல்லாம் பாக்கல மாமா. டக்குனு விழுந்துடுச்சு."

அந்தப் பாயிண்ட்டில் ஒரு குறையும் இல்லை. அவனுடைய பெட்டி ஒன்றில், ஒரே ஒரு அச்சில், சக்கரங்கள் ஒன்றையொன்று நெருங்கிப் போயிருந்தன. எந்தச் சக்கரம், எந்த இடம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் அரத்தைக் கையில் எடுக்கக் கூடாது. தேய்த்த உலோகம் திரும்ப வராது. நானும் ஆரம்பத்தில் ஒரு நல்ல பாயிண்ட்டைத் தேய்த்துத் தேய்த்தே வீணாக்கியவன். அதனால்தான் கீழே உள்ள வரிசையை இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இங்கே சொல்லும் அளவுகள் 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்துக்கானவை. ஹெச்ஓ, டபுள் ஓ என்ற இரண்டு மாடல் அளவு வண்டிகளும் இதில்தான் ஓடுகின்றன. நம் தென்னாப்பிரிக்க வண்டிகளை 1:64 அளவில் செய்கிறவர்களும் இதே தண்டவாளத்தைப் போடுகிறார்கள். நிஜப் பாதையின் 1067 மில்லிமீட்டரை 64ஆல் வகுத்தால் 16.7 வருகிறது, அதனால்.

சில பெயர்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். பாயிண்ட்டில் இடம் மாறும் இரண்டு கூரான தண்டவாளங்கள் நாக்கு. இரண்டு பாதைகள் குறுக்கிடும் இடத்தில் ஈட்டிமுனை மாதிரி இருப்பது பிராக். பிராக்குக்கு எதிர்ப்பக்கம், வெளித்தண்டவாளத்தின் உள்பக்கத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் குட்டித் தண்டவாளம் செக் ரெயில். சக்கரத்தின் உள்பக்கம் தடித்து இறங்கும் விளிம்பு பிளாஞ்ச்.

1. கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர் காலிப்பர் ஒன்று கட்டாயம் வேண்டும். மலிவான டிஜிட்டல் காலிப்பர் போதும். என்எம்ஆர்ஏ என்ற அமெரிக்க மாடல் ரயில் சங்கம் வெளியிடும் தகட்டு அளவுகோல் கிடைத்தால் இன்னும் நல்லது. சக்கர இடைவெளி, தண்டவாள அகலம், பிராக் பள்ளம், செக் ரெயில் எல்லாவற்றையும் அந்த ஒரே தகட்டில் வைத்துப் பார்த்துவிடலாம்.

அப்புறம் 15 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல், போன் டார்ச், பல்குச்சி, மெல்லிய காகிதத் துண்டு, பென்சில், சமையலறைத் தராசு. நுண்ணிய அரம் ஒன்றும் இருக்கட்டும், ஆனால் அதை மேசையின் மறுகோடியில் வையுங்கள்.

சோதனைக்கென்று நம்பகமான ஒரு பெட்டியும் வேண்டும்: உலோகச் சக்கரம், தாராளமாகத் திரும்பும் போகி (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டம்), சரியான எடை. எல்லாப் பாயிண்ட்டையும் இந்த ஒரே பெட்டியால் சோதித்தால்தான், கோளாறு பாதையிலா வண்டியிலா என்று பிரிக்க முடியும்.

2. கரண்ட் வேண்டாம், விரலால் தள்ளுங்கள்

லோட் ஷெட்டிங் கடுமையாக இருந்த நாட்களில் இருட்டு கராஜில் டார்ச் வெளிச்சத்தில் வண்டியை விரலால் தள்ளிப் பார்த்தோம். எஞ்சின் ஓடும்போது ஒருநாளும் கண்ணில் படாத விஷயங்கள் அப்போது தெரிந்தன. மின்சாரம் இருக்கிற நாளிலும் இன்றுவரை இப்படியே செய்கிறோம்.

சோதனைப் பெட்டியைப் பாயிண்ட்டுக்கு ஒரு சாண் முன்னால் வையுங்கள். டார்ச்சைத் தண்டவாள மட்டத்திலேயே படுக்க வையுங்கள். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு விரலை மட்டும் வைத்து, எறும்பு ஊரும் வேகத்தில் தள்ளுங்கள். மேலிருந்து அழுத்தக் கூடாது. அழுத்தினால் ஏறப்போகிற சக்கரம் ஏறாமல் போய்விடும், கோளாறு ஒளிந்துகொள்ளும்.

நாலு விதமாகத் தள்ள வேண்டும். நாக்கின் முனையை எதிர்கொண்டு நேர்ப்பாதைக்கு, அப்படியே கிளைப்பாதைக்கு, பிறகு இரண்டிலிருந்தும் திரும்பி வரும் திசையில். நாக்கை எதிர்கொண்டு போகும்போது மட்டும் விழுந்தால் சந்தேகம் நாக்கின் மேல். கிளைப்பாதையில் மட்டும் இரண்டு திசையிலும் விழுந்தால் வளைவின் மேலோ பிராக்கின் மேலோ. திரும்பி வரும்போது மட்டும் விழுந்தால் நாக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தப்பான பக்கம் இருந்ததுதான் பல நேரம் காரணம்.

விரலுக்கு ஒரு சின்ன இடறல் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். சக்கரம் பெரும்பாலும் விழுகிற இடத்தில் ஏறுவதில்லை. முதலில் பிளாஞ்ச் தண்டவாளத்தின் தலைமேல் ஏறி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் அப்படியே சவாரி செய்து, அதன் பிறகு விழும். விழுந்த இடத்தைத் தேய்ப்பது புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஏறிய இடத்துக்கு நேராக ஸ்லீப்பரில் (தண்டவாளத்தின் அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) பென்சிலால் ஒரு கோடு போடுங்கள்.

3. ஒரு பெட்டி மட்டுமா, எல்லாமா?

சோதனைப் பெட்டி நாலு விதத்திலும் இடறாமல் போனால் பாயிண்ட் நன்றாகவே இருக்கிறது. விழுகிற பெட்டியைத் தனியாக எடுத்து 4, 9 பகுதிகளுக்குப் போங்கள். சோதனைப் பெட்டியே விழுந்தால் 5 முதல் 8 வரை. சோதனைப் பெட்டி போகிறது, மற்றவை எல்லாம் ஒரே கோட்டில் விழுகின்றன என்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் குறை இருக்கும். அப்போதும் சக்கரத்திலிருந்தே தொடங்குங்கள். சக்கரத்தை நகர்த்தினால் மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம், பாயிண்ட்டைத் தேய்த்தால் முடியாது.

4. சக்கரங்களுக்கு இடையிலான தூரம்

ஒரு அச்சின் இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவில் காலிப்பரின் உள் அளவு நுனிகளை வையுங்கள். 14.4 முதல் 14.5 மி.மீ. வர வேண்டும். அச்சைச் சுழற்றி மூன்று இடத்தில் அளக்கவும். மூன்று அளவும் வேறுபட்டால் சக்கரம் கோணலாக ஏறியிருக்கிறது, இல்லை அச்சு வளைந்திருக்கிறது.

இந்தத் தூரம் ஏன் இவ்வளவு முக்கியம்? பிராக்கைக் கடக்கும்போது சக்கரத்தைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது எதிர்ப்பக்கத்துச் செக் ரெயில். அது பிடிப்பது எதிர்ச் சக்கரத்தின் உள்முகத்தை. இடைவெளி கூடினால், செக் ரெயில் ஒழுங்காகப் பிடித்தாலும் இந்தப் பக்கத்து பிளாஞ்ச் பிராக் முனையில் போய் முட்டும், சில சமயம் தப்பான பக்கம் நுழைந்துவிடும். இடைவெளி குறைந்தால் செக் ரெயிலும் பிராக் பக்கத் தண்டவாளமும் இரண்டு உள்முகங்களுக்கும் நடுவில் இறுகிக்கொள்ளும், வேறு வழியில்லாமல் சக்கரம் மேலே எழும்பும். தங்கை மகன் பெட்டியில் நடந்தது இரண்டாவது. காலிப்பர் 13.9 காட்டியது.

சரிசெய்வது எளிது. பிளாஸ்டிக் குழாயில் செருகிய சக்கரமாக இருந்தால் இரண்டு கையாலும் பிடித்து, முறுக்கிக்கொண்டே இழுங்கள் அல்லது அழுத்துங்கள். முறுக்காமல் நேராக இழுத்தால் கோணலாகும். நீராவி எஞ்சினின் பெரிய சக்கரங்களை மட்டும் முறுக்க வேண்டாம். சக்கரங்களை இணைக்கும் இருபுறத்துத் தடிகளும் ஒன்றுக்கொன்று கால் சுற்று தள்ளி நிற்கும்படி அவற்றைப் பொருத்தியிருப்பார்கள். அது கலைந்தால் எஞ்சின் நொண்டும், கையால் திரும்பச் சரிசெய்வது பெரிய வேலை.

நம் வீடுகளில் லிமா கம்பெனியின் பழைய பெட்டிகள் நிறைய உண்டு. அவற்றின் பிளாஞ்ச் ஆழமானது. உயரமான கோட் 100 தண்டவாளத்தில் சமாளித்து ஓடும். தண்டவாளம் தாழ்ந்த கோட் 75ல் ஸ்லீப்பரின் பிடிப்புகள்மேல் தடதடவென்று இடித்துக்கொண்டே போகும், பிராக்கின் பள்ளத்தில் அடி தட்டி எழும்பும். இதற்குப் பாயிண்ட்டை நோண்டிப் பயனில்லை. அச்சின் நீளத்தை அளந்துகொண்டு, அதே நீளத்தில் புதுச் சக்கரம் வாங்கிப் போடுங்கள். நீளம் பார்க்காமல் வாங்கி, போகிக்குள் ஆடுகிற அச்சோடு வந்தவர்கள் பலர்.

5. பலகையும் படுக்கையும்

எஃகு ஸ்கேலை நிமிர்த்தி, அதன் விளிம்பைத் தண்டவாளத்தின் மேல் நீளவாக்கில் வைத்து, பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். பிறகு குறுக்காக, மூலைக்கு மூலையாக வையுங்கள். பாயிண்ட் நீளவாக்கில் மட்டமாக இருந்தும் திருகிக்கொண்டிருக்கலாம். ஒரு மூலை அரை மில்லிமீட்டர் தூக்கியிருந்தால், விறைப்பான நாலு சக்கர வேகன் மூன்று காலில் நிற்கும். நாலாவது சக்கரம் காற்றில் மிதந்து, கிடைத்த முதல் இடைவெளியில் இறங்கும்.

பெரும்பாலும் காரணம் ஆணி. ஸ்லீப்பரின் நடுவில் ஆணியை ஓங்கி அடித்தால் பிளாஸ்டிக் நடுவில் குழியும், இரண்டு தண்டவாளமும் உள்நோக்கிச் சாயும், அகலம் குறையும். ஆணித்தலைக்கும் ஸ்லீப்பருக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையும் அளவு விடுங்கள். ஏற்கெனவே இறுகியிருந்தால் ஆணியைக் கொஞ்சம் தூக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்த காரணம் நம் ஊர் ஈரம். டர்பனில் பிப்ரவரி மாதத்தில் சூப்பாவுட் (எம்டிஎஃப்) பலகை வெட்டிய விளிம்பு வழியாகத் தண்ணீர் குடித்து உப்பும். விளிம்புகளுக்கும் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடித்த பிறகே தண்டவாளம் போடுங்கள். இங்கே கட்டிய லே-அவுட்டை லெனேசியாவுக்குக் குடிபோன அண்ணன் ஒருவர் கூடவே எடுத்துப் போனார். ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட குளிர்காலத்தில் பலகை சுருங்கி, இங்கே ஒழுங்காக ஓடிய மூன்று பாயிண்ட்டுகள் அங்கே முதுகு வளைத்து நின்றன. தண்டவாளத்தின் மூட்டுகளில் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் நடந்திருக்காது. தகரக் கூரை கராஜில் வெயில் ஏறும்போது தண்டவாளமும் நீளும். ஒரு மீட்டருக்கு, 20 டிகிரி கூடினால், மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அளவுக்கு.

பாயிண்ட்டைப் பசையால் முழுதாக ஒட்டாதீர்கள். இரண்டு முனைகளில் மட்டும் துளிப் பசை. நாளைக்குக் கழற்ற வேண்டிவரும்.

6. நாக்கு

பென்சில் கோடு நாக்கின் முனையில் விழுந்ததா? மெல்லிய காகிதத் துண்டை, மூடியிருக்கும் நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவில் செருகி இழுத்துப் பாருங்கள். இறுகப் பிடித்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் நாக்கு மூடவில்லை, அந்தச் சந்தில்தான் பிளாஞ்ச் நுழைகிறது. இரண்டு பக்கமும் மாற்றிச் சோதியுங்கள். ஒரு பக்கம் மட்டும் மூடாதது ரொம்ப சகஜம்.

காரணத்தைத் தேடும் வரிசை: முதலில் குப்பை. பல்குச்சியால் நாக்குக்குப் பின்புறமும், இரண்டு நாக்குகளையும் சேர்க்கும் குறுக்குப்பட்டை ஓடும் பள்ளத்திலும் துழாவுங்கள். பாலஸ்ட் (தண்டவாளத்தைச் சுற்றிப் போடும் பொடிக்கல்) துகள் ஒன்று போதும். எங்கள் யார்டில் ஒரு பாயிண்ட் இரண்டு வாரம் படுத்திற்று. கடைசியில் குறுக்குப்பட்டையின் அடியில் கடுகளவு கல் ஒன்று பசையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியாது, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது அதன் நிழல் நீளமாக விழுந்துதான் காட்டிக்கொடுத்தது. நாக்குப் பகுதியில் பாலஸ்ட் போடும்போது பசையைச் சொட்டாமல், கல்லை ஒவ்வொன்றாக வைப்பதே பிற்பாடு நேரத்தை மிச்சப்படுத்தும்.

அடுத்து மோட்டார். நாக்கை நகர்த்தும் பாயிண்ட் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் நாக்கைத் தள்ளினால் முழுதாக மூடுகிறதா? மூடினால் மோட்டார் நடுவில் பொருத்தப்படவில்லை. ஒரு பக்கம் தாராளமாகத் தள்ளி மறுபக்கம் பாதியில் நிற்கிறது. மெதுவாக நகரும் வகை மோட்டாராக இருந்து, பீக்கோ கம்பெனிப் பாயிண்ட்டில் நாக்கைப் பிடித்துவைக்கும் சுருளையும் எடுத்திருந்தால், நாக்கை அழுத்திப் பிடிப்பது மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய கம்பி மட்டுமே. கம்பி வளைந்து கொடுத்தால் நாக்கும் விட்டுக்கொடுக்கும். அதைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி போடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சக்கரம் முனையில் ஏறினால், இப்போது அரம். நாக்கின் முனை உயரமாகவோ மொட்டையாகவோ இருக்கும். விரல் நகத்தைத் தண்டவாளத்தின் உள்முகத்தோடு ஓட்டிக்கொண்டு போங்கள். நகம் தட்டினால் பிளாஞ்சும் தட்டும். முனையை மேலிருந்தும், சக்கரம் உரசும் பக்கத்திலும் மூன்று நாலு இழுப்பு மட்டும் தேயுங்கள். நகம் வைத்துப் பாருங்கள். மறுபடி மூன்று இழுப்பு.

7. பிராக்கும் செக் ரெயிலும்

இங்கே விழுகிறது என்றால், 4ஆம் பகுதியை உண்மையாகவே செய்தீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பிராக்கில் விழுவதற்கு நான் பார்த்த காரணங்களில் முதலிடம் சக்கர இடைவெளிக்குத்தான்.

அது சரி என்றால் செக் ரெயிலின் பள்ளத்தைப் பாருங்கள். செக் ரெயிலுக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள சந்து அது. ஹெச்ஓ சக்கரங்களுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் சுமார் இருந்தால் போதும். கடையில் விற்கும் பல பாயிண்ட்டுகளில், பழைய ஆழச் சக்கரங்களும் ஓடட்டும் என்று, இந்தச் சந்தை அகலமாக விட்டிருப்பார்கள். சந்து அகலமானால் சக்கரம் பிராக் பக்கமாக நகர இடம் கிடைக்கிறது, பிளாஞ்ச் முனையில் முட்டுகிறது.

இதற்கு அரம் வேண்டாம், சேர்ப்பதே வைத்தியம். 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் செக் ரெயில் நீளத்துக்கு ஒரு கீற்று வெட்டுங்கள். செக் ரெயிலின், சக்கரம் உரசும் முகத்தில், அதாவது பக்கத் தண்டவாளத்தைப் பார்க்கும் முகத்தில் ஒட்டுங்கள். முதலில் துளி பசையில் தற்காலிகமாக ஒட்டி, சோதனைப் பெட்டியைத் தள்ளுங்கள். இன்னும் முட்டினால் இன்னொரு கீற்று. பெட்டி இறுகினால் ஒன்றை உரித்துவிடுங்கள். கீற்றின் இரண்டு முனைகளையும் சரிவாகச் சீவுங்கள், இல்லையென்றால் சக்கரம் அந்த முனையிலேயே இடறும். செக் ரெயிலின் எதிர்ப்பக்கத்தில், தவறான முகத்தில் ஒட்டிவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று வருகிறவர்கள் உண்டு.

சக்கரம் முனையில் முட்டாமல், பிராக்கின் நடுவே தொப்பென்று இறங்கி ஏறினால் அது வேறு கதை. அங்கே தண்டவாளம் விட்டுப்போன இடைவெளியில் குறுகலான சக்கரம் தாங்கலின்றி விழுகிறது. பள்ளத்தின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் கீற்றை ஒட்டினால் பிளாஞ்ச் அதன்மேல் நடந்து போய்விடும். ஆனால் ஆழமான பிளாஞ்ச் உள்ள வண்டிகளும் அதே பாதையில் ஓடினால் இதைச் செய்யாதீர்கள். அவற்றை அது தூக்கிவிடும்.

வண்டி விழாமல், பிராக்கிலோ நாக்கிலோ அப்படியே நின்றுபோனால் அது மின்சாரக் கோளாறு. தடம்புரளலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

8. பாயிண்ட்டுக்கு முன்னும் பின்னும்

பாயிண்ட்டைப் பழிக்கும் முன் இருபுற மூட்டுகளையும் நகத்தால் தடவுங்கள். இணைப்புத் தகட்டுக்குள் தண்டவாளம் ஏறாமல், அதன் மேலே உட்கார்ந்திருந்தால் ஒரு படி உண்டாகும். கழற்றித் திரும்பச் செருகுவது ஒன்றே வழி.

இடப்பக்கம் வளைந்த உடனே வலப்பக்கம் வளைகிற பாதை நீளப் பெட்டிகளுக்கு எமன். முன்பெட்டியின் வால் ஒரு பக்கம், பின்பெட்டியின் தலை மறுபக்கம் ஒதுங்கும். கொக்கி நடுவில் மாட்டிக்கொண்டு இலேசான பெட்டியை இழுத்துத் தள்ளும். இரண்டு வளைவுக்கும் நடுவில், உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியின் அளவுக்கு நேர்த்தண்டவாளம் போடுங்கள். இடமில்லையென்றால் பெரிய ஆரப் பாயிண்ட். ரயில் செட்டோடு வரும் தண்டவாளத் தொகுப்புகளின் பாயிண்ட் பெரும்பாலும் 438 மி.மீ. ஆரத்தில் இருக்கும், நீளப் பயணிப் பெட்டிக்கு அது நெருக்கம். 1:64 வண்டிகளுக்கு இன்னும் நெருக்கம்.

9. போகி, எடை, கொக்கி

பெட்டியைத் தலைகீழாக வையுங்கள். போகி இரண்டும் விரல் பட்டாலே திரும்ப வேண்டும். ஒரு போகியின் திருகு, திரும்ப மட்டும் விடும் அளவு இறுக்கமாக இருக்கட்டும். மற்றதன் திருகை அரைச் சுற்று தளர்த்தி, பக்கவாட்டிலும் ஆட விடுங்கள். இரண்டையும் இறுக்கினால் மேடுபள்ளத்தில் சக்கரம் தூக்கும். இரண்டையும் தளர்த்தினால் பெட்டி சாய்ந்தாடும்.

எடைக்கு என்எம்ஆர்ஏ கணக்கு ஹெச்ஓ பெட்டிகளுக்கு எளிதானது: 28 கிராம், அதோடு ஒவ்வொரு அங்குல நீளத்துக்கும் 14 கிராம். 15 சென்டிமீட்டர் பெட்டிக்கு 110 கிராமுக்குக் கொஞ்சம் மேல். இரும்பு வாஷர்களைத் தரையோடு தரையாக, நடுவில் ஒட்டுங்கள். கூரையில் ஒட்டினால் வளைவில் சாயும். வண்டி கோக்கும்போது இலேசான பெட்டியை எஞ்சினுக்கு அடுத்து வைக்காதீர்கள், பின்னால் உள்ள மொத்த பாரமும் வளைவில் அதை உள்பக்கம் இழுக்கும்.

கேடீ கம்பெனிக் கொக்கியின் அடியில் தொங்கும் கம்பி தாழ்ந்திருந்தால் பாயிண்ட்டின் தண்டவாளத்தில் மாட்டும். தண்டவாளத்தின் மேல் ஸ்கேலைக் குறுக்காகப் படுக்க வைத்து, கொக்கி அதன்மேல் வரும்வரை பெட்டியைத் தள்ளிப் பார்த்தால் தட்டுவது தெரியும்.

10. எஞ்சினைக் கடைசியில் விடுங்கள்

எஞ்சினுக்கு எடை அதிகம், கோளாறை அது நசுக்கிக்கொண்டு போய்விடும், அல்லது புதுக் கோளாறை உண்டாக்கும். பெட்டிகள் நாலு விதமாகவும் கையால் இடறாமல் போன பிறகே எஞ்சினை வையுங்கள். முதலில் தனியாக, மெதுவாக. பிறகு ஒரு பெட்டியோடு. பிறகு முழு வண்டி, கடைசியாகப் பின்னோக்கித் தள்ளியபடி. பின்னோக்கித் தள்ளுவதுதான் கடுமையான சோதனை. கொக்கிகள் அழுந்தும், இலேசான பெட்டி நடுவில் தூக்கும்.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சக்கரத்தையும் சரிசெய்து, செக் ரெயிலிலும் கீற்று ஒட்டிவிட்டு, வண்டி ஓடியதும் எதனால் ஓடியது என்று தெரியாமல் நின்றால், அடுத்த பாயிண்ட்டில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டிவரும்.

சோதனையில் இருபது தடவை விழாமல் போனால் அந்தப் பாயிண்ட்டின் பென்சில் கோட்டை அழிக்கலாம். ஈரமான வாரம் ஒன்று போன பிறகு, அதே சோதனைப் பெட்டியை எடுத்து, அதே விரலால், இன்னொரு முறை தள்ளிப் பாருங்கள்.